வானொலியிலிருந்து ஐ.டி.க்கு: டெல்டாவை விட்டுப் போகாமல் மாற முடியுமா?

கடைமடைக்குரல் (திருத்துறைப்பூண்டி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 36. எம்.ஏ. தமிழ். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். அறிவிப்பாளர் என்றுதான் சேர்ந்தேன். ஆனால் நாலு பேர் சேர்ந்து நடத்தும் நிலையத்தில் அறிவிப்பாளர்தான் எல்லாம் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் பூட்டைத் திறந்து, யு.பி.எஸ். பேட்டரியைப் பார்த்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, 6 மணிக்கு வணக்கம் சொல்வது நான். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தலைஞாயிறு, கோடியக்காடு என்று போய்ப் பேட்டி எடுப்பதும், வந்து ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டுவதும், அன்றைய கியூ ஷீட்டை (எது எந்த நேரத்தில் ஒலிக்கும் என்ற பட்டியல்) எக்செல்லில் போடுவதும் நான். ஜூன் பிறந்துவிட்டால் மேட்டூர் நீர்மட்டத்தை நான் வாசிக்கக் காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கல்லணையில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்பார்கள்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது, ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது, எங்கே மருத்துவ முகாம் என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் விளம்பரம் குறைந்துவிட்டது, திட்ட நிதியும் முன்போல வருவதில்லை. சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. இரண்டு பிள்ளைகள். மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். அப்பாவுக்கு எட்டு மா நிலம், அதில் சம்பா மட்டும். அவரால் இனி தனியாகப் பார்க்க முடியாது. அதனால் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோவது நடக்காது.

எனக்குத் தெரிந்தவை: ஒலி எடிட்டிங், பழைய கணினியைப் பிரித்துச் சரிசெய்வது, நிலையத்தின் இணைய ஒலிபரப்பை ஓடவைப்பது (ஒருவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் செய்கிறேன்; உள்ளே என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியாது). கோடிங் தெரியாது. ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத் தயக்கம்.

திருச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். ஆறு மாத வகுப்பு, கட்டணம் பெரிய தொகை. கூடவே "மூன்று வருட ஐ.டி. அனுபவச் சான்றிதழும் வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு நிறுவனம் என் குரலைப் பல மணி நேரம் பதிவு செய்ய வேண்டும், கணினிக் குரலுக்குப் பயன்படுத்துவோம் என்று கேட்டிருக்கிறது. மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம்.

எங்கிருந்து தொடங்குவது? இத்தனை வருடம் செய்த வேலைக்கு அங்கே ஏதாவது மதிப்பு உண்டா, அல்லது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா?


குடந்தை டெவ்

அண்ணா, தைரியமாக வாங்க. வயது ஒரு பிரச்சினை இல்லை. முதலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ரியாக்ட், நோட். தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறேழு மாதத்தில் சொந்தமாக ஒரு வெப்சைட் கட்டிவிடலாம். பாடங்கள் யூடியூபில் தமிழிலேயே இலவசமாகக் கிடக்கின்றன, காசு கட்ட வேண்டாம். கும்பகோணத்திலேயே சின்னச் சின்ன ஐ.டி. கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன. நான் அப்படி ஒன்றில்தான் இருக்கிறேன். குரல் பதிவு பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள்.


கீழவாசல் அக்கா (தஞ்சாவூர்)

தம்பி, வணக்கம். நானும் வானொலியிலிருந்து வந்தவள்தான். ஒரு பண்பலையில் ஒன்பது வருடம் இருந்தேன், நிகழ்ச்சித் தயாரிப்பும் பேச்சும். இப்போது தஞ்சாவூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அப்ளிகேஷன் சப்போர்ட் பிரிவில் ஷிஃப்ட் லீடாக இருக்கிறேன். அதனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேலே எழுதிய தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் வெப் டெவலப்மென்டில் ஆரம்பநிலை வேலைக்கு, கல்லூரி முடித்த 22 வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் போய் நின்றால் உங்கள் வானொலி வருடங்கள் கணக்கிலேயே வராது. கணக்கில் வருகிற இடம் வேறொன்று இருக்கிறது: சப்போர்ட், ஆபரேஷன்ஸ், மானிட்டரிங். ஒரு வங்கியின் செயலி, ஒரு மருத்துவமனையின் பில்லிங், ஒரு கடைத்தொடரின் ஸ்டாக் கணக்கு, இவையெல்லாம் நிற்காமல் ஓடுகின்றனவா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. நின்றால் உடனே எழுப்ப வேண்டும்.

எனக்கு நடந்த நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டார்கள். "ராத்திரி 2 மணிக்கு ஒரு சர்வர் நின்றுபோகிறது. நீங்கள் மட்டும்தான் ஷிஃப்டில் இருக்கிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?" கூட வந்திருந்தவர்கள் லாகைப் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டை) பார்ப்பேன், காரணத்தைக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வானொலியில் என்ன செய்வோமோ அதைச் சொன்னேன். ஒலிபரப்பு நின்று மௌனம் விழுந்துவிட்டால் முதலில் எதையாவது காற்றில் ஏற்று, ஒரு பாட்டையாவது போடு. அடுத்து, பொறுப்பில் இருப்பவருக்குச் சொல். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது என்று லாக் புத்தகத்தில் எழுது. ஏன் நின்றது என்ற ஆராய்ச்சி அதற்கப்புறம்தான். என்னை எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பதில் ஒரு காரணம் என்று பிறகு மேனேஜரே சொன்னார். இந்தத் துறையில் அதை முறைப்படியே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சேவையைத் திரும்பக் கொண்டுவருவது இன்சிடென்ட் மேனேஜ்மென்ட், அடிப்படைக் காரணத்தைத் தேடுவது ப்ராப்ளம் மேனேஜ்மென்ட். புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வரிசை உடம்பில் ஊற வருடங்கள் ஆகிறது. உங்களுக்கு அது ஏற்கெனவே ஊறியிருக்கிறது.

ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எதை எந்த நிலையில் விட்டுப்போகிறோம் என்று சொல்வது, 6 மணி என்றால் 6 மணி என்று நிற்பது, கோபத்தில் கத்துகிற நேயரிடம் குரல் உயராமல் பேசுவது, இதெல்லாம்கூட இங்கே தினப்படி வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் பதற்றமாகப் பேசும்போது என் குழுவில் அந்த அழைப்பை என்னிடம்தான் கொடுப்பார்கள்.

சரி, எதைப் படிப்பது. முதலில் லினக்ஸ், சர்வர்களில் அதிகம் ஓடுகிற இயங்குதளம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே லினக்ஸ் பாடங்கள் இருக்கின்றன. 2012 முதல் நடக்கும் கணியம் தளத்திலும் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள், காசு கிடையாது. அப்புறம் நெட்வொர்க் அடிப்படை: ஐ.பி. முகவரி, டி.என்.எஸ்., போர்ட் என்றால் என்ன, பிங் போட்டால் பதில் வராததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம். அதற்கடுத்து டேட்டாபேஸில் தகவலைத் தேடும் மொழியான எஸ்.க்யூ.எல். சப்போர்ட் வேலையில் பாதி நேரம் டேட்டாபேஸில் ஒரு வரியைத் தேடுவதிலேயே போகும், எனவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். நிரல் எழுத பாஷ் ஸ்கிரிப்டும் பைத்தானும் கொஞ்சம் தெரிந்தால் போதும், போகப் போக வளரும்.

ஆனால் இவற்றைப் பாடமாக மட்டும் படிக்காதீர்கள். உங்களிடம் ஒரு நிலையமே இருக்கிறது! அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எந்த மையத்திலும் கிடைக்காது. சமுதாய வானொலியாக இருந்தால், ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி. பல நிலையங்களில் இதை யாராவது ஒருவர் கையால் செய்துகொண்டிருப்பார். அதைத் தானாக நடக்கவையுங்கள். மூலையில் கிடக்கிற பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, ஒலிபரப்பை மணிக்கு ஒரு கோப்பாகப் பதியச் சொல்லுங்கள். நொடிக்கு 64 கிலோபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 690 மெகாபைட் ஆகும், 90 நாளைக்கு 62 ஜிகாபைட்டுக்குப் பக்கத்தில். இதையே வேவ் கோப்பாக ஸ்டீரியோவில் வைத்தால் ஒரு நிமிடத்துக்கே 10 மெகாபைட் போய்விடும், பழைய டிஸ்க் தாங்காது. 90 நாளைத் தாண்டிய கோப்புகளைத் தினமும் இரவில் நீக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதை நேரத்துக்கு ஓட்ட ஒரு க்ரான். டிஸ்க் நிரம்பப் போனாலோ, பதிவு நின்றுபோனாலோ உங்கள் போனுக்கு ஒரு மின்னஞ்சல். இவ்வளவும் செய்து முடித்தால் உங்களுக்கு லினக்ஸில் கோப்பு, அனுமதி, ப்ராசஸ், டிஸ்க், லாக் எல்லாம் கைக்குப் பழகியிருக்கும்.

அடுத்தது அந்த இணைய ஒலிபரப்பு. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் செய்கிறேன் என்றீர்கள். அதை அப்படியே விடாமல் திறந்து படியுங்கள். நிறைய சிறிய நிலையங்களைப் போல ஐஸ்காஸ்ட் என்ற இணைய ஒலிபரப்பு மென்பொருளில் ஓடுகிறது என்றால், ஸ்டூடியோவிலிருந்து வரும் ஓட்டம் (ஸ்ட்ரீம்) அறுந்தால் கேட்கிறவர்களைத் தானாக வேறொரு ஓட்டத்துக்கு மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. அதை அமையுங்கள். 64 கிலோபிட் ஓட்டத்தை 100 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வரிலிருந்து நொடிக்கு 6.4 மெகாபிட் வெளியே போக வேண்டும், உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் அதைத் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். நேர்முகத் தேர்வில் இந்தக் கணக்கை விளக்குகிற ஆளை நான் இரண்டாவது சுற்றுக்கு அனுப்பாமல் விடமாட்டேன்.

செய்ததையெல்லாம் எழுதி வையுங்கள். எழுத்து உங்களுக்கு வரும், நீங்கள் தமிழ் படித்தவர். ஆங்கிலத்துக்கும் இதுதான் வழி. சப்போர்ட் வேலையில் வேண்டிய ஆங்கிலம் நாலு வரி மின்னஞ்சல்தான்: எது நின்றது, எப்போதிலிருந்து, யாருக்குப் பாதிப்பு, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. செய்திச் சுருக்கம் எழுதிப் பழகிய கை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தினமும் நிலையத்தில் நடக்கிற ஒரு கோளாறை இந்த நாலு வரியில் ஆங்கிலத்தில் எழுதி, மைக் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். தயக்கம் போவதற்கு எனக்கு அதுதான் உதவியது.

இனி அந்தச் சான்றிதழ் விஷயம். தம்பி, அதைத் தொடவே தொடாதீர்கள். அனுபவத்தைச் சரிபார்க்க நிறுவனங்கள் இப்போது ஆள் வைத்திருக்கின்றன. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கைப் பார்த்தாலே எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு கண்டுபிடித்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தப் பெயர் பின்னால் வரும். உங்களிடம் பத்து வருடத்துக்கு மேல் உண்மையான அனுபவம் இருக்கும்போது மூன்று வருடப் பொய்க்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? நிலையத்தில் பி.எஃப். பிடிக்கவில்லை என்றால் நியமனக் கடிதம், சம்பளம் வரவான பாஸ்புக் பக்கங்கள், பொறுப்பாளரிடமிருந்து ஒரு அனுபவக் கடிதம் மூன்றையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் தள்ளிப்போகிற இடத்தில் நிர்வாகம் எப்போது மாறும் என்று சொல்ல முடியாது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு வருடம் சம்பளம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு என்னவோ அதுதான். இரவு ஷிஃப்ட் வரும். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல ஆகும், இரவு ஷிஃப்டுக்கு அது சரிப்படாது. ஆரம்பத்தில் வாரத்துக்கு நாலைந்து நாள் இங்கே அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கலாம். பிறகு வீட்டிலிருந்து வேலை கிடைத்தாலும் கரண்டும் இணையமும் நிற்காது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஃபைபர் இணைப்பும் நல்ல இன்வெர்ட்டரும் செலவுக் கணக்கில் போடுங்கள். அறுவடை சமயத்தில் லீவ் கேட்க வேண்டிவரும் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் குழுவில் அப்படிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், தை மாதத்து ஷிஃப்டை முன்கூட்டியே மாற்றிக்கொள்வார்கள்.

தேட வேண்டிய இடங்கள்: தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் திறந்த டைடல் நியோ ஐ.டி. பூங்கா, திருச்சியில் நவல்பட்டு எல்காட் ஐ.டி. வளாகம், அப்புறம் கும்பகோணத்துச் சிறு நிறுவனங்கள். சிறு நிறுவனத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். மின்னஞ்சலில் உங்கள் எம்.ஏ. தமிழைப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். நேரில் பேசினால் நடப்பதே வேறு.


உறையூர் டிரான்ஸ்மிஷன் (ஓய்வு)

தம்பி, வயதில் பெரியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒலிபரப்புப் பொறியியல் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அம்மா எழுதியது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்.

நீங்கள் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வதை ஒரு எடுபிடி வேலை போல ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அப்படி இல்லை. சமுதாய வானொலி என்றால் பொதுவாக 100 வாட் வரைதான் கதிர்வீச்சுத் திறன், 30 மீட்டர் வரைதான் ஆன்டெனா உயரம். அந்தச் சின்னத் திறனை வைத்துக்கொண்டு, உப்புக்காற்றில் கனெக்டர் பச்சைபிடிக்கிற கடற்கரையில், ஐப்பசி இடிமின்னலில் ஒரு நிலையத்தைப் பத்து வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் மின்திறன் ஏறினால் என்ன அர்த்தம், எர்த்திங் சரியில்லை என்றால் மிக்ஸரில் என்ன சத்தம் வரும், யு.பி.எஸ்.ஸில் வி.ஏ. வேறு வாட் வேறு என்பது உங்களுக்குக் கைப்பழக்கம். நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரிலும் (என்.ஓ.சி., இணைப்புகளைக் கண்காணிக்கும் இடம்) டேட்டா சென்டரிலும் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் வேண்டும். டெசிபல் கணக்கு அங்கேயும் அதேதான். ஃபைபரில் 3 டெசிபல் இழப்பு என்றால் பாதித் திறன் போயிற்று, ஆன்டெனா கேபிளிலும் அப்படியே. எனவே தேடும்போது மென்பொருள் நிறுவனங்களோடு நிற்காமல், இணையச் சேவை நிறுவனங்களின் என்.ஓ.சி. வேலையையும் பாருங்கள்.

இன்னொன்று, மனசுக்காகச் சொல்கிறேன். திருச்சி நிலையம் 1939ல் தொடங்கியது. அறுபதுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் வந்தபோது, திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிதான் அதைத் தஞ்சை ஜில்லா முழுக்கக் கொண்டுபோனது. விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்த விதை, எத்தனை நாள், எவ்வளவு உரம் என்ற தகவலை வயலில் நிற்கிறவனுக்கு அவன் மொழியில் சொல்லி, அவன் அதைச் செய்து பார்க்கிற வரை கொண்டுபோன வேலை அது. அந்த வரிசையில் வந்தவர் நீங்கள். வேறு துறையில் போய் நிற்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்காதீர்கள். முடிந்தால் வாரத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கையில் வைத்திருங்கள். கடைமடையில் உங்கள் குரலுக்குப் பழகியவர்களுக்கு அது வேண்டும்.


அரசலாற்றங்கரை

நான் பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கிறேன், காரைக்காலில் வீட்டிலிருந்தே. குரல் பதிவு பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கணினிக் குரல் உருவாக்க ஒருவரின் குரலைப் பல மணி நேரம், ஒரே மைக், ஒரே தூரம், ஒரே தொனியில், எதிரொலி இல்லாத அறையில் பதிய வேண்டும். அறிவிப்பாளர்களைத் தேடி வருவதற்கு அதுதான் காரணம். வேலை நியாயமானதுதான். ஆனால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் குரலைக் கேட்டு ஒரு கணினி மாதிரி (மாடல்) பழகிவிட்டால் அது நீங்கள் சொல்லாத வாக்கியங்களையும் உங்கள் குரலிலேயே சொல்லும். அப்புறம் திரும்பப் பெறுவது நடக்கிற காரியமில்லை. எந்தப் பொருளுக்குப் பயன்படும், எத்தனை வருடத்துக்கு, வேறு நிறுவனத்துக்கு விற்கலாமா, விளம்பரத்துக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் போடலாமா, இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்" என்று இருந்தால் மொத்தத் தொகை எவ்வளவு என்றாலும் நான் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். குரலை வைத்துப் பிழைக்கிற ஒருவர் அதை ஒரே தடவையில் விற்கக் கூடாது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் போலப் பொதுவுக்குக் கொடுப்பது வேறு விஷயம். அங்கே யார் வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டு பலர் சில சில வாக்கியங்கள் கொடுக்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. உங்கள் நிலையத்தில் இத்தனை வருடப் பேட்டிகள் இருக்கும். விவசாயிகள், மீனவர்கள், வயசான ஆச்சிகள். அவற்றைக் கேட்டும் ஆட்கள் வருவார்கள். அந்தப் பேட்டிகளை அவர்கள் வானொலிக்கென்றுதான் கொடுத்தார்கள். நிலையத்துக்கும் அவர்களுக்கும் தெரியாமல் ஒரு கோப்பைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வேலை என்று பார்த்தால், எங்கள் துறையில் உங்களுக்கு இடம் இருக்கிறது. பேச்சைக் கேட்டுத் தட்டெழுதுவது, மற்றவர் எழுதியதைச் சரிபார்ப்பது, பதிவின் தரம் பார்ப்பது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏ.ஐ.ஃபார்பாரத், மத்திய அரசின் பாஷிணி போன்ற முயற்சிகளால் இந்திய மொழிகளில் இந்த வகை வேலை கூடியிருக்கிறது. சேடை ஓட்டுவது, தாளடி, மடை திறப்பது என்று ஒரு வேதாரண்யத்துக்காரர் வேகமாகப் பேசினால் பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகள் தப்பாக எழுதுகிறார்கள். உங்கள் காது அதைத் தப்பவிடாது. ஆனால் பெரும்பாலும் மணிக்கணக்குக் கூலி, மாதச் சம்பளம் இல்லை. குடும்பம் இதை நம்பி ஓடாது. லினக்ஸ் படிக்கிற மாதங்களில் கைச்செலவுக்கு ஆகும்.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் நிலையத்தின் பழைய எழுத்துப்படிகள் யூனிகோடு அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களில் கிடக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற பைத்தானில் ஒரு நிரல் எழுதுங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும் வரிசையைச் சரிசெய்வது, ஒரே குறியாகக் கிடக்கும் உயிர்மெய் எழுத்துகளைப் பிரிப்பது என்று செய்யும்போது நிரலெழுத்தும் பழகும், நிலையத்துக்கும் தேடக்கூடிய ஒரு தொகுப்பு கிடைக்கும்.


கடைமடைக்குரல்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். வானொலி வேலையை வேலையாகவே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பயிற்சி மையத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குரல் நிறுவனத்திடம் அரசலாற்றங்கரை சொன்ன நாலு கேள்வியையும் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. பதில் வராமல் கையெழுத்து இல்லை. நிலையத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. டிஸ்க். பொறுப்பாளரிடம் கேட்டேன், பதிவு வேலைக்கு எடுத்துக்கொள் என்றார்.

உறையூர் ஐயா, ரேடியோ நெல் பற்றி எங்கள் அப்பாவும் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா அதைப் போட்டவர்.

இரண்டு கேள்வி அக்கா. வேறு வேலை தேடுகிறேன் என்று நிலையத்தில் இப்போதே சொல்லிவிடலாமா? ரெஸ்யூமேயில் "அறிவிப்பாளர்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?


கீழவாசல் அக்கா (தஞ்சாவூர்)

சொல்லிவிடுங்கள் தம்பி. நாலு பேர் இருக்கிற இடத்தில் நீங்கள் திடீரென்று போனால் காலை ஒலிபரப்பே நின்றுவிடும். எனக்கடுத்து ஒருவரைப் பழக்குகிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பழக்கும் வேலையை எழுத்தில் செய்தீர்கள் என்றால், பூட்டைத் திறப்பதிலிருந்து டிரான்ஸ்மிட்டர் அணைப்பது வரை, கரண்ட் போனால் என்ன, மௌனம் விழுந்தால் என்ன என்று படிப்படியாக எழுதினால், அதற்கு எங்கள் பக்கத்தில் ரன்புக் என்று பெயர். அதை ரெஸ்யூமேயில் போடலாம்.

"அறிவிப்பாளர்" என்பதை மறைக்காதீர்கள், பதவி அதுதான். அதற்குக் கீழே இப்படி எழுதுங்கள்: நேரலை ஒலிபரப்பு நிலையத்தின் தினசரி இயக்கம், டிரான்ஸ்மிட்டர், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் கண்காணிப்பு, கோளாறுப் பதிவேடு, புயல் காலத்தில் இடைவிடாத ஒலிபரப்பு, லினக்ஸில் தானியங்கிப் பதிவும் சேமிப்பும். கடைசி வரியை அது ஓட ஆரம்பித்த பிறகு மட்டும் சேருங்கள். பயிர்ப் பேட்டிகளையும் விடாதீர்கள், தெரியாத ஆளிடம் போய் விஷயத்தைக் கேட்டு வாங்கத் தெரியும் என்று அது காட்டும்.

500 ஜி.பி. தாராளம். ஆனால் அது பழைய டிஸ்க், ஆரம்பிக்கும் முன் அதன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுங்கள், கெட்ட செக்டர் இருந்தால் அதில் மூன்று மாதப் பதிவை நம்பி வைக்க வேண்டாம். ஒலி ஸ்டீரியோவா மோனோவா என்றும் முடிவு செய்யுங்கள். உங்கள் நிலையத்தில் பேச்சுதான் அதிகம் என்றால் மோனோ போதும். லினக்ஸ் போட்டதும் டிஸ்க் அளவு காட்டும் கட்டளையின் விடையை இங்கே ஒட்டுங்கள், எந்தப் பகுதியில் பதிவுகளை வைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம். இந்த வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட், இரவு 8 மணிக்கு மேல் பதில் எழுதுவேன்.